இதுதான் முதல் தடவையா

தொடக்கத்துக்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை உண்டு என்று என்னைக் கேளுங்கள், மூச்சு விடாமல் சொல்வேன். அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். மெடிக்கல் கோடிங் என்று ஒரு வேலை. அமெரிக்காவில் யாருக்கோ நெஞ்சு வலித்தால், அந்த ஊர் டாக்டர் எழுதிய குறிப்பைக் காரைக்குடியில் எங்கள் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து நான் படித்து, இந்த நோய்க்கு இந்த எண் என்று போட்டு அனுப்ப வேண்டும். நோய் என்ன என்று பார்த்தால் மட்டும் போதாது, எப்போது ஆரம்பித்தது என்றும் பார்க்க வேண்டும். ஆன்செட் என்றால் நோய் தலைகாட்டிய நேரம். நியூ ஆன்செட் என்றால் முன்னால் இருந்ததே இல்லை, இப்போதுதான் புதிதாக வந்தது. ஃபர்ஸ்ட் எபிசோட் என்றால் இதுதான் முதல் தடவை. கன்ஜெனிட்டல் என்றால் பிறக்கும்போதே கூட வந்தது. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் எண் மாறிவிடும். எண் மாறினால் டீம் லீடர் மெயிலிலேயே காய்ச்சி எடுத்துவிடுவார்.

இந்த வார்த்தைகளை எனக்கு மனப்பாடம் பண்ணிவைத்தவள் என் அக்கா சண்முகப்ரியா. திருச்சியில் எனக்கு மூன்று மாதம் பயிற்சி. சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவுடன் என் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள்.

"ஆன்செட்?"

"தொடக்கம்."

"எதோட தொடக்கம்? கச்சேரி தொடக்கமா? முழுசாச் சொல்லுடி, ஓட்டவாயி."

"நோயோட தொடக்கம்."

"இப்ப சொன்ன, அது பேச்சு. நியூ ஆன்செட்?"

தப்பாகச் சொன்னால் நடுமண்டையில் ஒரு குட்டு. பயிற்சி முடிந்தபோது என்னைவிட அவளுக்குத்தான் அதிக வார்த்தை தெரிந்திருந்தது. ஓட்டவாய் என்பது அவள் எனக்கு வைத்த பெயர். வீட்டில் நடப்பதையெல்லாம் அம்மாவிடம் போய் ஒப்பிப்பேன், அதனால். தீக்ஷா என்ற என் பெயரை அவள் சொல்லி நான் கேட்டது குறைவு.

அக்காவுக்கு வலிப்பு உண்டு. முதன்முதலில் வந்தபோது பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். அவளுக்குப் பதினாலு வயது, எனக்குப் பத்து. காலாண்டு லீவு. அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். தாயக்கட்டம் ஆடிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்து, கைகால் வெட்டி, வாயில் நுரை தள்ளினாள். இரும்பைக் கையில் கொடுத்தால் நிற்கும் என்று யாரோ சொன்னது எனக்கு ஞாபகம் வந்தது. அப்பா மரவேலை பார்ப்பவர். அவர் பையிலிருந்து சின்னச் சுத்தியலை எடுத்து வந்து அவள் கையில் திணித்து, பாவாடையால் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டு கதறினேன். கொஞ்ச நேரத்தில் கண் விழித்தாள். கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள். "யாரைடி அடிக்கப் போனேன்?" என்று கேட்டாள். அழுகையோடு அழுகையாக எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மதுரையில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை ஆரம்பித்தோம். அதன்பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் நாலே தடவைதான் வந்தது. ஆனாலும் அம்மா வள்ளிக்கண்ணு அதை ஒரு கொலைக்குற்றம் மாதிரி மூடி வைத்தாள். வள்ளிக்கண்ணு வீட்டுப் பெண்ணுக்கு வலிப்பு என்று தெரிந்தால் அக்காவும் கரையேற மாட்டாள், நானும் கரையேற மாட்டேன் என்பது அவள் கணக்கு. அப்பா இறந்தபிறகு அந்தப் பயம் இரண்டு மடங்கானது. கொத்தமங்கலத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், எங்கள் இருவரையும் சாமி படத்துக்கு முன்னால் நிறுத்திச் சூடம் ஏற்றினாள்.

"வெளியில மூச்சு விட மாட்டோம்னு அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க. அதையும் மீறி வாயத் தொறந்தீக, நான் நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்."

நான் அணைத்தேன். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு அணைத்தாள்.

மாப்பிள்ளை பெயர் சிவபிரகாஷ். ஏசி மெக்கானிக். ஹோட்டலாக மாறிவிட்ட பெரிய வீடுகளில் அவருக்கு ஓயாத வேலை. பொண்ணும் மாப்பிள்ளையும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டைமாடிக்கு அனுப்பினோம். பத்தே நிமிடம். இறங்கி வரும்போது அவர் முகம் ஒரு மாதிரி இருந்தது. பஜ்ஜியைத் தொடவே இல்லை. "பிடிக்கலை போலருக்குடி" என்று அம்மா இரவெல்லாம் புலம்பினாள். காலையில் முதல் போனே அவர்கள் வீட்டிலிருந்து, பிடித்திருக்கிறது என்று.

கல்யாணத்துக்குப் பிறகு மாதாமாதம் மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் போட்டு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். "யாருக்கும் தெரியாம சாப்பிடு" என்று ஒவ்வொரு தடவையும் காதில் சொல்வேன். "சரிடி, ஓட்டவாயி" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் புரியவில்லை. கர்ப்பமானபிறகு ஒவ்வொரு செக்கப்புக்கும் அத்தை, அதாவது அக்கா மாமியார், கூடவே போனார். அங்கேயும் இந்தப் பேச்சை எடுக்க வழியில்லை.

ஏழாம் மாதம் கொத்தமங்கலத்தில் வளைகாப்பு. நான் ஆன்லைனில் ஒரு அட்டைப்பெட்டி வாங்கிப் போயிருந்தேன். பிள்ளை முதன்முதலாக ஒன்றைச் செய்யும்போது பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுக்கிற இருபது அட்டைகள். மை ஃபர்ஸ்ட் ஸ்மைல், மை ஃபர்ஸ்ட் டூத், மை ஃபர்ஸ்ட் ஸ்டெப். அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பட்டுப்புடவையோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தாள்.

"ஏன்டி, மொத ஆய் போறதுக்கு அட்டை இல்லையா?"

"சும்மா இருக்கா, எல்லாரும் பாக்குறாக."

கண் உள்ளே போயிருந்தது. இரண்டு நாளாக வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பெண்களோடு ஹாலில் படுத்துக் கிடந்தாளாம், பொட்டுத் தூக்கமில்லையாம். "மாத்திரை?" என்று உதட்டை அசைத்துக் கேட்டேன். இல்லை என்று தலையை ஆட்டினாள். சாப்பாடு முடிந்ததும் போட்டுக்கொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

கை நிறைய வளையல் போட்டு, சந்தனம் பூசி, கடைசியாக அத்தை குங்குமம் வைக்க வந்தபோது அக்கா நாற்காலியோடு சரிந்தாள். வளையல் உடைகிற சத்தம்தான் முதலில் கேட்டது. "இரும்பு கொண்டாங்க, சாவி கொண்டாங்க" என்று பெண்கள் கத்தினார்கள். நான் கூட்டத்தை விலக்கி, அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே என் கையைக் கொடுத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று நிமிடம்.

"இம்புட்டுப் பக்குவமா செய்யுற, ஒனக்கு எப்படித்தா தெரியும்?" என்று அத்தை கேட்டார்.

"வேலையில படிச்சது அத்தை" என்றேன். அன்றைய முதல் பொய் அது.

காரைக்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாமா, அதாவது அக்கா புருஷன், வண்டியை நிறுத்தியதும் ரத்தத்துக்கு ஆள் பிடிக்கவும், பணம் கட்டவும் ஓடினார். உள்ளே அக்காவோடு நான், அம்மா, அத்தை மூன்று பேர். அவள் இன்னும் தெளியவில்லை. கூப்பிட்டால் முனகுவாள், அவ்வளவுதான். டாக்டரம்மா கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். நர்ஸ் பிரஷர் பார்த்து எண்ணைச் சொன்னதும் அவர் முகம் இறுகியது.

"எவ்ளோ நேரம் இருந்துச்சு?"

"மூணு நிமிஷம், டாக்டர்" என்றேன்.

"இதுக்கு முன்னாடி வந்திருக்கா? சின்ன வயசுல? இல்ல, இதுதான் முதல் தடவையா?"

அம்மா என் முழங்கைக்கு மேலே சதையைப் பிடித்துத் திருகினாள். "இதுதான் டாக்டர் மொதத் தடவை. எம்மக நோய்நொடின்னு படுத்ததே இல்ல" என்றாள். டாக்டரம்மா அவளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நேரத்தைச் சரியாகச் சொன்னவள் நான்தானே.

"நீங்க சொல்லுங்க."

அத்தை அக்காவின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டு அங்கேயே நிற்கிறார். மறைத்துக் கட்டிவைத்துவிட்டீர்கள் என்று நாளைக்கு அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டால்? போதாததற்கு, அடுத்த மாதம் என்னைப் பெண் பார்க்கத் தேவகோட்டையிலிருந்து வருவதாக இருந்தார்கள். ஆமாம், அதுவும் அந்த நேரத்தில் என் புத்தியில் வந்தது. வரவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

"நோ பாஸ்ட் ஹிஸ்டரி, டாக்டர். நியூ ஆன்செட். ஃபர்ஸ்ட் எபிசோட்."

அவர் நிமிர்ந்தார். "மெடிக்கல் ஃபீல்டா?"

"கோடிங், டாக்டர்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதை வச்சுத்தான் நான் முடிவெடுக்கணும்."

"ஷ்யூர், டாக்டர்."

கர்ப்பத்தில் பிரஷர் ஏறி, அதற்கு முன் வராத வலிப்பு வந்தால் அதற்குத் தனிப் பெயர் உண்டு, தனி எண் உண்டு. எத்தனையோ தடவை போட்டிருக்கிறேன். அதற்கு வைத்தியம் என்ன என்பதும் எனக்குத் தெரியும். தாயைக் காப்பாற்றப் பிள்ளையை உடனே வெளியே எடுத்துவிடுவார்கள். பழைய வலிப்பு என்றால் முதலில் பழைய மருந்தைத் தேடுவார்கள், பொறுத்துப் பார்ப்பார்கள். வலிப்பு வந்த வேகத்தில் கொஞ்ச நேரம் பிரஷர் ஏறுவதும் உண்டு. இதெல்லாம் தெரியாதவள் சொல்லியிருந்தால் விதி என்று விட்டுவிடலாம். நான் தெரிந்தவள். அக்காவை ஆபரேஷனுக்கு ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனபோதாவது ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை. நர்ஸ் சோப்புப் போட்டுக் கழற்றிய வளையல்களை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தாள். அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாமா வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார். தியேட்டர் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டியா தாயி?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன், மாமா."

"நீ இருக்கேன்னுதான் நான் தைரியமா அங்குட்டுப் போனேன்" என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

பெண் குழந்தை. இருபத்தெட்டாவது வாரம். ஒரு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் முதன்முதலாக அவளைப் பார்த்தது நான்தான். காலில் கட்டியிருந்த பட்டையில் 'பேபி ஆஃப் சண்முகப்ரியா' என்று இருந்தது. ஒரு கண்ணை மட்டும் திறந்து என் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு கண்ணைத் திறந்ததற்கு நான் வாங்கிய அட்டைப்பெட்டியில் அட்டை இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலை மூச்சு நின்றுபோனது. மாமா ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றித் தன் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனார். அக்கா தையல் வலியோடு மேல்மாடி வார்டில் கிடந்தாள். போனில் எடுத்த போட்டோவைத் தவிர அவள் பிள்ளையைப் பார்க்கவே இல்லை. பால் கட்டிக்கொண்டு அவள் துடித்த துடிப்பை எழுத எனக்குக் கை வரவில்லை.

டிஸ்சார்ஜ் அன்றைக்கு ஒரு காகிதம் கொடுத்தார்கள். மாமாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. அக்கா வாங்கி, ஆட்டோவில் முழுவதும் வாசித்தாள். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது வரியிலேயே இருந்தது, நியூ ஆன்செட் என்று. அதற்குக் கீழே, விவரம் சொன்னவர் நோயாளியின் தங்கை என்று. அவள் அந்த இடத்தில் விரலை வைத்தாள். பிறகு நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். ஒரு மாதம் ஒரே அறையில் படுத்தோம். "தண்ணி குடு, தீக்ஷா" என்பாள். "லைட்டை அமத்து, தீக்ஷா" என்பாள். ஓட்டவாய் என்று ஒரு தடவை கூப்பிட மாட்டாளா என்று ஏங்கினேன். "என்னைய ரெண்டு அறை அறையுக்கா" என்று ஒருநாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "எதுக்கு?" என்று கேட்டாள். காரணத்தை விட்டுவிட்டு இன்னும் சத்தமாக அழுதேன். நான் சொல்வேன் என்று அவள் காத்திருந்தாள் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. காலை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

முப்பத்தைந்தாம் நாள் மறுபடி வலிப்பு வந்தது. மாமாவுக்குப் போன் போட்டதும் அரைமணியில் வந்துவிட்டார். "மதுரைக்கே போயிருவோம்" என்றார். மதுரை என்று அவருக்கு யார் சொன்னது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. அம்மா என்னைச் சமையலறைக்கு இழுத்துப் போய், "வாயத் தொறந்தே..." என்று ஆரம்பித்தாள். "நாண்டுக்க. தாராளமா நாண்டுக்க" என்று சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினேன். அம்மாவிடம் அப்படி ஒரு சொல் சொன்னது அன்றுதான் முதல் தடவை.

பழைய டாக்டர் ஓய்வுபெற்றுவிட்டார். அவர் இடத்தில் இருந்த சின்ன வயது டாக்டர் புதுச் சீட்டை எடுத்துவைத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"முதன்முதல்ல எப்ப வந்துச்சும்மா?"

அக்கா என் பக்கம் கையைக் காட்டினாள். "இவளைக் கேளுங்க டாக்டர். எனக்குத்தான் அப்ப நினைவிருக்காதே. இவதான் பக்கத்துல இருந்தா."

மாமா என் இடது பக்கம் உட்கார்ந்திருந்தார். அத்தனை இங்கிலீஷும் எங்கே போனது என்று தெரியவில்லை.

"அக்காவுக்குப் பதினாலு வயசு" என்றேன். "காலாண்டு லீவு. தாயம் ஆடிக்கிட்டிருந்தோம். நான்தான் வாயைத் தொடச்சுவிட்டேன். அப்பா சுத்தியலைக் கையில குடுத்தேன்." அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து மாமா காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "மாமா, மன்னிச்சுருங்க. உங்ககிட்ட மறைச்சுத்தான் கட்டிவச்சோம். தெரிஞ்சா அக்காவை வேணாம்னுருவீகன்னு பயந்துதான்..."

அவர் என் தோளைப் பிடித்துத் தூக்கினார். அவருக்குக் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது.

"என்ன தாயி இது? எனக்குத்தான் தெரியுமே."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொண்ணு பாக்க வந்தன்னிக்கு எங்களை மாடிக்கு அனுப்புனீகல்ல. என்கிட்ட அவ பேசுன மொதப் பேச்சே அதுதான். 'எனக்கு ஃபிட்ஸ் இருக்கு, சூடம் அணைச்சுட்டு இப்ப அதை மீறிச் சொல்றேன், பிடிக்காட்டி போயிருங்க'ன்னா. அதுக்காகத்தான் எனக்கு அவளைப் பிடிச்சுச்சு. நீ டப்பாவுல கொண்டாந்து குடுப்பியே, அந்த மாத்திரையை தெனமும் தண்ணியோட எடுத்துக் குடுத்ததே நான்தான். வளைகாப்புக்கு முந்தி ரெண்டு நாள் பொம்பளைக கூட ஹால்ல படுத்துட்டா. அங்குட்டுப் போய் நான் எப்படிக் குடுக்க? உங்க அம்மா மனசு கஷ்டப்படும்னு, தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்காதீகன்னா, அதனாலதான் நானும்..."

பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். என் தோளிலிருந்து அவர் கை மெல்ல விலகியது. அக்கா ஜாக்கெட்டுக்குள்ளிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"அப்ப அன்னிக்கு... அந்த டாக்டர்கிட்ட?" என்றார் மாமா. "எல்லாத்தையும் சொல்லிட்டேன்னியே தாயி?"

டாக்டர் காகிதத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தார். அக்கா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் ஏதாவது சொல்வேன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தார்.